கற்பனை மலையிலிருந்து சொந்தச் சமவெளிக்கு

கன்ட்ரி பாடகர் கோல்ட்டர் வாலின் முகத்தைப் பார்க்காமல் குரலை மட்டும் கேட்பவர்கள் ஒரு கிழவரைத்தான் மனத்தில் நினைத்துக்கொள்வார்கள். நெஞ்சாங்கூட்டின் அடியிலிருந்து கிளம்பி, சரளை மண்ணில் வண்டிச் சக்கரம் உருள்வதுபோல் வெளியே வரும் குரல் அது. அந்தக் குரலோடு 2015இல் தன் முதல் சிறு தொகுப்பை வெளியிட்டபோது அவருக்கு வயது பத்தொன்பது. கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில், தானியமும் மாடுகளும் பிழைப்பாக இருக்கிற வறண்ட சமவெளியில், ஸ்விஃப்ட் கரண்ட் என்ற சிறு நகரத்துப் பையன். தந்தை பிராட் வால் அப்போது அந்த மாகாணத்தின் முதல்வர்.

தொகுப்புக்கு அவர் வைத்த பெயர் 'இமேஜினரி அப்பலாச்சியா'. அப்பலாச்சியா என்பது அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்து மலைநாடு. நிலக்கரிச் சுரங்கம், பான்ஜோ, கொலைக்கதைப் பாட்டு எல்லாம் ஒன்றாகக் கலந்து வளர்ந்த இடம். ஸ்விஃப்ட் கரண்டைச் சுற்றி வானமும் புல்லும்தான் உண்டு. தான் பாடும் மலை தனக்குக் கேள்வி வழியாக மட்டுமே வந்தது என்பதை அந்த இளைஞர் தலைப்பிலேயே சொல்லிவிட்டார். அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது. அத்தொகுப்பின் 'ஸ்லீப்பிங் ஆன் தி பிளாக்டாப்' பாட்டு 2016இல் 'ஹெல் ஆர் ஹை வாட்டர்' படத்தில் ஒலித்தது. மேற்கு டெக்சாஸில் வங்கிகளைக் கொள்ளையடிக்கும் அண்ணன் தம்பி கதை அது. கனடாவின் பனிச் சமவெளியில் பிறந்த பாட்டு டெக்சாஸ் வெயிலுக்குப் பொருந்தியது; கேட்டவர்களில் எத்தனையோ பேர் பாடகரையும் அந்த ஊர்க்காரர் என்றே எண்ணினார்கள்.

கனடாவின் கன்ட்ரி இசைக்கு இந்தக் குழப்பம் புதிதில்லை. அங்கே மாட்டுக்காரர் பாட்டை நிலைநிறுத்தியவர்களைத் தேடிப் போனால், அவர்களில் முக்கியமானவர்கள் மேய்ச்சல் நிலத்தில் பிறக்காதவர்கள். வில்ஃப் கார்ட்டர் 1904இல் அட்லாண்டிக் கரையில், நோவா ஸ்கோஷியாவில், ஒரு பாப்டிஸ்ட் போதகரின் மகனாகப் பிறந்தார். சிறுவயதில் மேடையில் சுவிஸ் முறையில் குரலை உடைத்துப் பாடிய ஒருவரைக் கேட்டு மயங்கினார். 1920களில் மேற்கே ஆல்பர்ட்டாவுக்குப் போய்க் குதிரையேறிப் பண்ணை வேலை செய்தார். 1933இல் மான்ட்ரியலில் அவர் பதிவு செய்த முதல் தட்டின் ஒரு பக்கத்தில், வடக்கின் பனிக்காட்டில் காவல்படை துரத்திச் சுட்டுக் கொன்ற ஆல்பர்ட் ஜான்சனின் கதை இருக்கிறது. அது முந்தைய ஆண்டு கனடா நாளிதழ்களை நிறைத்த செய்தி. கனடாவின் கன்ட்ரி இசை தன் ஊர்ச் செய்தியைப் பாடியபடிதான் தொடங்கியது என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். அமெரிக்க வானொலிக்குப் போனதும் அதே கார்ட்டருக்கு 'மான்டனா ஸ்லிம்' என்று பெயர் மாறியது. பாட்டுக்காரர் எல்லை தாண்டினார், ஊர்ப் பெயர் இந்தப் பக்கமே நின்றுவிட்டது.

அதே நோவா ஸ்கோஷியாவில் பிறந்து, பன்னிரண்டு வயதில் மீன்பிடிக் கப்பலில் எடுபிடியாக ஏறிய ஹாங்க் ஸ்நோ, கன்ட்ரி இசையின் மையமான நாஷ்வில் போய் 1950இல் 'ஐம் மூவின் ஆன்' பாட்டை அமெரிக்கக் கன்ட்ரி பட்டியலில் 21 வாரம் முதலிடத்தில் நிறுத்தினார். பிறகு டிம்மின்ஸ் என்ற சுரங்க நகரில் வளர்ந்த ஷனாயா ட்வெயின் அதைவிடப் பல மடங்கு பெரிய உயரத்துக்குப் போனார். இதற்கு எதிர்த்திசையில் நடந்தவர் ஸ்டாம்பிங் டாம் கானர்ஸ். ஒரு மரப்பலகையைக் காலால் மிதித்துத் தாளம் போட்டபடி சட்பரியையும் பிரின்ஸ் எட்வர்ட் தீவின் உருளைக்கிழங்கையும் ஊர் ஊராகப் பாடினார். கனடாவின் ஜூனோ விருதுகள் அமெரிக்காவில் வாழ்ந்து தொழில் செய்பவர்களுக்கே போகின்றன என்று சொல்லி, 1978இல் தன்னுடைய ஆறு ஜூனோக்களையும் திருப்பிக் கொடுத்தார். 1971 முதல் வானொலிகள் குறைந்தது 30 விழுக்காடு கனடா இசையை ஒலிபரப்ப வேண்டும் என்ற விதி நடப்பில் இருந்தது. இசை, பாடுபவர், நிகழ்த்திய இடம், பாடல் வரி என்ற நான்கில் இரண்டு கனடாவுக்குரியதாக இருந்தால் போதுமானதாக இருந்தது. அந்த விதி பலருக்குச் சோறு போட்டது. ஆனால் பாட்டுக்குள் கனடா இருக்கிறதா என்று அது கேட்கவில்லை, கேட்கவும் முடியாது.

வாலுக்கு இந்தக் கேள்வி மெதுவாகவே எட்டியது. பள்ளிப் பருவத்தில் பாப் டிலன், டிலன் வழியாக வுடி கத்ரி, அங்கிருந்து ராம்ப்ளிங் ஜாக் எலியட் என்று போனது அவருடைய கேள்வி ஞானம். எலியட் புரூக்ளினில் ஒரு மருத்துவரின் மகன். பதினைந்து வயதில் வீட்டைவிட்டு ஓடி குதிரை, காளைச் சவாரிப் போட்டியான ரோடியோவின் கூட்டத்தோடு சேர்ந்தவர். மாட்டுக்காரனாகப் பிறக்காதவன் மாட்டுக்காரனாக ஆகலாம் என்பதற்கு இதைவிட நல்ல முன்னுதாரணம் கிடைக்காது.

2017இல் நாஷ்வில்லின் ஆர்சிஏ ஏ ஸ்டூடியோவில், டேவ் காப் தயாரிப்பில் முதல் முழுத் தொகுப்பு வந்தது. பரவலாகப் பேசப்பட்டது 'கேட் மெக்கானன்' என்ற கொலைப் பாட்டு. அதில் குரலின் வலிமை தெரிகிறது. ஆனால் அது மலைநாட்டு மரபிலிருந்து கடன் வாங்கிய சட்டை. 'தர்ட்டீன் சில்வர் டாலர்ஸ்' பாட்டையே நான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். பனியில் விழுந்து உறங்கிப்போன ஒருவன், அவனை எழுப்பும் காவல்படைக்காரர். இடம் ஸ்பீடி கிரீக். ஸ்விஃப்ட் கரண்டுக்கு உள்ளூர்க்காரர்கள் வைத்திருக்கும் செல்லப் பெயர் அது. வெளியூர்க் காது அதைக் கவனிக்காமல் கடந்துபோகும், ஊர்க்காரன் மட்டும் நின்று திரும்பிப் பார்ப்பான்.

அடுத்த ஆண்டே 'சாங்ஸ் ஆஃப் தி பிளெயின்ஸ்' வந்தது. என் கணிப்பில் இந்தத் தொகுப்பில்தான் அவர் பாடகராகப் பிறந்தார். வாத்தியங்கள் குறைந்துவிட்டன, குரலும் கிழவரைப்போல உறுமுவதை விட்டு இறங்கி வந்தது. வில்ஃப் கார்ட்டரின் 'கால்கரி ரவுண்டப்' இதில் இருக்கிறது. பழைய 'நைட் ஹெர்டிங் சாங்' இருக்கிறது. ஆயிரக்கணக்கான மாடுகளை நெடுந்தொலைவு ஓட்டிச் சென்ற காலத்தில் இரவுக் காவலுக்கு இருவர், மூவர் மந்தையைச் சுற்றிக் குதிரையில் வருவார்கள். இடி முழங்கினாலோ குச்சி முறிந்தாலோ மந்தை மிரண்டு ஓடிவிடும். மனிதக் குரல் தொடர்ந்து காதில் விழுந்துகொண்டிருந்தால் மாடு அமைதியாகக் கிடக்கும். அதற்காகப் பாடினார்கள். குதிரையின் நடைதான் தாளம். மாட்டுக்குப் பாடிய தாலாட்டு என்று சொல்லலாம். வால் இதை வாத்தியத் துணை அதிகமில்லாமல், தாளத்தை இழுத்து நிறுத்திப் பாடுகிறார். எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்காகப் பாடுவதுபோல் அது ஒலிக்கவே இல்லை.

அதே தொகுப்பில் 'தி டிரெயின்ஸ் ஆர் கான்'. இந்தத் தலைப்பின் கனம் சஸ்காட்சுவான்காரருக்கு உடனே புரியும். 1897இல் செய்துகொண்ட க்ரோஸ் நெஸ்ட் ஒப்பந்தத்தால் மேற்கத்திய உழவர்களின் தானியத்துக்கு ரயில் கட்டணம் குறைவாகவே வைக்கப்பட்டிருந்தது. அந்தச் சலுகையின் கடைசி மிச்சம் 1995இல் ஒழிந்தது. வால் பிறந்த ஆண்டும் அதுதான். கிளைப் பாதைகள் பெயர்க்கப்பட்டன, தண்டவாளத்தை ஒட்டி நின்ற மரத் தானியக் களஞ்சியங்கள் இடிக்கப்பட்டன. அவற்றைச் சுற்றியிருந்த சிற்றூர்கள் ஆளற்றுப் போயின. ரயில் போய்விட்டதைப் பாடுவது கன்ட்ரி இசையின் பழைய வழக்கம். இந்தச் சமவெளியில் அது நேற்று நடந்தது.

'சஸ்காட்சுவான் இன் 1881' பாட்டில் ஓர் உழவன், வாசலில் வந்து நிற்கும் டொரன்டோக்காரனைத் துப்பாக்கியைக் காட்டி விரட்டுகிறான். பாட்டு 1881 என்கிறது. ஆனால் உழவனின் புகாரில் கனோலா விதை வருகிறது. கனோலா 1970களில் அந்தச் சமவெளியின் ஆய்வு நிலையங்களில் உருவாக்கிய பயிர். ஆகவே கோபம் இன்றையது. கிழக்கு வரி கேட்கிறது, மேற்கு கொடுத்துக்கொண்டே இருக்கிறது என்ற மேற்கத்திய மனக்குறை பழைய உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. பாட்டு துள்ளலாக இருக்கிறது. எனக்கு ஒரு நெருடல் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. 1881 என்பது எருமை மந்தைகள் அழிந்து, சைப்ரஸ் குன்றுகளில் தஞ்சம் புகுந்த க்ரீ முதலான தொல்குடியினர் பசியில் வாடிய காலம். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் ரேஷனை நிறுத்தி அவர்களை அரசு அங்கிருந்து வெளியேற்றியது. வால் இன்று மாடு வளர்ப்பதும் அந்தக் குன்றுகள் இருக்கும் மாகாணத்தின் தென்மேற்குப் பகுதியில்தான். 2020 தொகுப்பிலும் 1885இன் ராக்கி மவுன்டன் ரேஞ்சர்ஸ் என்ற குதிரைப்படையைப் பற்றிய பாட்டு இருக்கிறது. தொல்குடியும் ஐரோப்பியரும் கலந்த வழிவந்த மேட்டி மக்களும் தொல்குடியினரும் அரசை எதிர்த்து எழுந்த அந்த ஆண்டின் கதையைக் குதிரைமேல் இருந்தவர்கள் பக்கம் நின்றே அது சொல்கிறது. நிலத்தை இவ்வளவு கூர்ந்து பார்க்கும் கண் அந்த நிலத்தின் முந்தைய மனிதர்களையும் ஒருநாள் பார்க்கவேண்டும் என்று மனம் கேட்கிறது.

அந்த இடத்தை வேறு ஒருவர் நிரப்புகிறார் என்பது ஆறுதல். மானிடோபாவின் பெகுவிஸ் முதற்குடிச் சமூகத்திலிருந்து வந்த வில்லியம் பிரின்ஸ், பாடகரும் போதகருமான தந்தையோடு சின்ன வயதிலேயே சபைகளில் பாடியவர். 1907இல் செல்கர்க் அருகே இருந்த வளமான நிலத்திலிருந்து வடக்கே பெயர்க்கப்பட்ட சமூகம் அது. கன்ட்ரி இசையும் சபைப் பாட்டும் அங்கே ஒரே அடுப்பில் வெந்தவை. பிரின்ஸின் குரலும் ஆழமானதுதான். வாலின் குரல் தரையைப் பிறாண்டும், பிரின்ஸின் குரல் கம்பளி போர்த்தும். சமவெளிப் பாட்டின் கதையை இருவரையும் சேர்த்து வைத்துத்தான் எழுத முடியும்.

வாலைவிட ஓராண்டு மூத்தவரான பாடகி டெனில் டவுன்ஸ் போன வழி வேறு. ஆல்பர்ட்டாவின் கிராண்ட் பிரெய்ரியிலிருந்து நாஷ்வில் போய்ப் பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தார். 2018இல் அவரை உயர்த்திய 'சம்படீஸ் டாட்டர்' பாட்டில் சமவெளி கிடையாது. சாலையோரத்தில் அட்டையைப் பிடித்தபடி நிற்கும் வீடற்ற பெண்ணைக் காரிலிருந்து பார்த்து, இவளும் யாரோ பெற்ற மகள்தானே என்று நினைக்கும் பாட்டு. தன் ஊரில் இருந்த இளையோர் புகலிடத்துக்காகப் பதினைந்து வயதிலேயே நிதி திரட்டும் இசை இரவு ஒன்றைத் தொடங்கியவர் அவர். அந்தப் பார்வையை அவர் நாஷ்வில்லில் கற்கவில்லை, ஊரிலிருந்தே கொண்டுபோனார். ஊர்ப் பெயர் வராத பாட்டுக்குள்ளும் ஊர் இருக்க முடியும் என்பதற்கு இவரைத்தான் காட்டுவேன்.

பாடகர் கார்ப் லண்டின் கதை தலைகீழ். தெற்கு ஆல்பர்ட்டாவில் தலைமுறைகளாக மாடும் ரோடியோவுமாக வாழ்ந்த குடும்பம். அவரோ எட்மன்டனில் 'தி ஸ்மால்ஸ்' என்ற முரட்டு ராக் குழுவில் பல ஆண்டு வாசித்துவிட்டுத்தான் தாத்தாக்களின் பாட்டுக்குத் திரும்பினார். ராக்கி மலையின் கிழக்குச் சரிவில் நிலக்கரி தோண்ட அனுமதிக்கும் திட்டத்தை எதிர்த்து, தன் பழைய பாட்டான 'திஸ் இஸ் மை பிரெய்ரி'யை 2021இல் ஆல்பர்ட்டாப் பாடகர்களைச் சேர்த்துக்கொண்டு மறுபடி பதிவு செய்தார். சமவெளிக்குத் தண்ணீர் அந்தச் சரிவிலிருந்துதான் வருகிறது.

2020இன் 'வெஸ்டர்ன் ஸ்விங் அண்ட் வால்ட்சஸ்' தொகுப்பை வால் தானே தயாரித்தார். அதிலிருந்து அவருடைய பாட்டில் தொழிற்சொற்கள் நிறைகின்றன. ஹூலிஹான் என்பது குதிரை மிரளாதபடி ஒரே சுழற்றில் சுருக்குக் கயிற்றை வீசும் முறை. அதை ஒரு தங்கும் விடுதிப் பெயரோடு சேர்த்துப் பாட்டாக்கினார். 2023இன் 'லிட்டில் சாங்ஸ்' தொகுப்பில் 'கவ்/காஃப் புளூஸ்' உண்டு. தாய்ப்பசுக்களை வைத்துக் கன்று ஈனச் செய்து, பால் மறந்த கன்றுகளை இலையுதிர் காலத்தில் விற்கும் பண்ணைத் தொழிலுக்குத்தான் அந்தப் பெயர். குளிர் விலகாத நாட்களில் ஈற்று தொடங்கும். தலையீற்றுக் கிடாரிகளை இரவு முழுக்க எழுந்து எழுந்து பார்க்க வேண்டும். கன்று மாறிக் கிடந்தால் கையை விட்டுத் திருப்ப வேண்டும். மாடு வளர்க்கிற அவருக்கு இதெல்லாம் கேள்வி ஞானமாக இருக்க வாய்ப்பில்லை. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன் கற்பனை மலையைப் பாடியவர் இதில் கைக்கு எட்டும் தொழுவத்தைப் பாடுகிறார். பாட்டு சின்னதாகியிருக்கிறது, தொகுப்பின் பெயரும் அதையே சொல்கிறது.

அதே தொகுப்பில் இயன் டைசனின் 'தி கயோட்டி அண்ட் தி கவ்பாய்' பாட்டையும் வால் பாடியிருக்கிறார். டைசன் பசிபிக் கரையின் விக்டோரியாவில் பிறந்தவர். ரோடியோவில் விழுந்து அடிபட்டு மருத்துவமனையில் கிடந்தபோது கிதார் கற்றார். 1960களில் நியூயார்க் நாட்டுப்பாடல் மேடைகளில் பெயர் வாங்கினார். 'ஃபோர் ஸ்ட்ராங் விண்ட்ஸ்' அவர் எழுதியது. அதை நீல் யங் பாடியதால் வந்த பணம் ஆல்பர்ட்டாவின் லாங்வியூவில் பண்ணை வாங்க உதவியது. எழுபது வயதைக் கடந்து தொண்டை சிதைந்த பிறகும், அந்த உடைந்த குரலிலேயே 2008இல் ஒரு தொகுப்பு கொடுத்தார். 2022 டிசம்பர் 29 அன்று அதே தெற்கு ஆல்பர்ட்டாப் பண்ணையில் இறந்தார். 'லிட்டில் சாங்ஸ்' அடுத்த ஜூலையில் வந்தது. டைசனின் பாட்டை வால் பெரிதாக மாற்றவில்லை. பக்கத்துப் பண்ணைக்காரர் விட்டுப்போன வேலையை எடுத்துச் செய்பவர்போல் நிதானமாகப் பாடி முடிக்கிறார்.