திணையும் தன்மைப் பன்மையும்: விண்வெளி வீரர் குழுக் கதை ஒன்றின் தமிழாக்கச் சிக்கல்கள்

1. முன்னுரை

படக்கதைகளை மொழிபெயர்ப்பு ஆய்வாளர்கள் பெரிதும் பொருட்படுத்துவதில்லை. கதையைப் படங்களே சொல்லிவிடுகின்றன, உரையாடல் குறைவு, அதிலும் சண்டைக் காட்சிகள் மிகுந்த கதைகளில் மொழிக்கு இடமே இல்லை என்பது பொதுவான கருத்து. இக்கருத்து மறுபரிசீலனைக்குரியது. உரையாடல் குறையும்போது ஒவ்வொரு சொல்லின் சுமையும் கூடுகிறது. பேசுவோர் மனிதர் அல்லாதவராயின் அச்சுமை சொற்களை விட இலக்கணத்தின் மீதே மிகுதியாக விழுகிறது.

தமிழில் மொழிபெயர்ப்புப் படக்கதை நெடிய மரபுடையது. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யுடன் வெளிவரத் தொடங்கியது. 1984இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் தோன்றின. இவற்றின் நாயகர்கள் பெரும்பாலும் மனிதர்கள். தனித்து இயங்கும் துப்பறிவாளரோ வீரரோ ஆவர். பல்வேறு கோள்களைச் சேர்ந்த உயிர்கள் ஒரு குழுவாக இயங்கும் கதைவகையைத் தமிழர் அறிந்தது பெரும்பாலும் மொழிமாற்றத் திரைப்படங்களின் வழியேயாகும்.

அவ்வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு ‘கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி’. மார்வல் நிறுவனத்திற்காக ஆர்னால்டு டிரேக் எழுத, ஜீன் கோலன் வரைய, இக்குழு முதலில் 1969இல் அறிமுகமாயிற்று. இன்று பலரும் அறிந்த குழு, டான் ஆப்னெட், ஆண்டி லானிங் ஆகிய இருவரும் 2008 முதல் 2010 வரை 25 இதழ்களில் எழுதியதாகும். ஜேம்ஸ் கன் இயக்கத்தில் 2014, 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் திரைப்படங்கள் வந்தன. இக்கதையைத் தமிழில் தரும்போது எழும் இலக்கணச் சிக்கல்களை மலையாளத்தோடு ஒப்பிட்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழும் மலையாளமும் அன்றாடம் அருகருகே ஒலிக்கும் திருவனந்தபுரம் இவ்வொப்பீட்டிற்கு இயல்பான களமாகும்.

2. திணைச் சிக்கல்

குழுவின் உறுப்பினர்களுள் ராக்கெட் என்பவன் ராக்கூன் உருவம் கொண்டவன்; குரூட் நடமாடும் மரம். ஆங்கிலத்தில் இவர்களைக் குறிக்கும்போது சுட்டுப்பெயரில் மட்டுமே தேர்வு எழுகிறது. தமிழிலோ படர்க்கை முற்றுவினை ஒவ்வொன்றிலும் எழுகிறது. ‘ராக்கெட் வந்தான்’ என்பதா, ‘ராக்கெட் வந்தது’ என்பதா? மலையாளத்தில் வினைமுற்று திணை, பால், எண், இடம் காட்டும் விகுதிகளை இழந்துவிட்டது. ‘வந்நு’ என்பதே அனைத்திற்கும் பொது. எனவே மலையாள மொழிபெயர்ப்பாளர் சுட்டுப்பெயரைத் தவிர்த்துவிட்டால் சிக்கலையும் தவிர்த்துவிடலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இது வெறும் வடிவச் சிக்கலன்று. தன்னை விலங்காகவும் ஆய்வுக்கூடப் பொருளாகவும் பிறர் நடத்துவதே ராக்கெட்டின் மனக்குறை. 2014ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் அவன் வெகுண்டெழும் இடங்கள் இதனை மையமிட்டவை. ஆகவே அவனைப் பற்றிய ஒவ்வொரு வினைமுற்றும் ஒரு தீர்ப்பாகிறது.

பஞ்சதந்திரக் கதைகளின் தமிழ் உரைநடையில் நரியும் காகமும் பேசினாலும் ‘நரி சொன்னது’, ‘காகம் கேட்டது’ என அஃறிணை முடிபே வழக்கு. இம்மரபைக் கொண்டு ராக்கெட்டுக்கும் அஃறிணை முடிபு தரலாமே என வாதிடலாம். நீதிக்கதையில் நரி தன் திணையை எதிர்த்து வழக்காடுவதில்லை, ராக்கெட் வழக்காடுகிறான். மரபைப் பின்பற்றுவது இங்கு எதிரியின் பக்கம் நின்று கதை சொல்வதாக முடியும்.

இதற்குத் தீர்வைத் தமிழ் இலக்கணமே தருகிறது. மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, சினம், இழிவு ஆகிய காரணங்களால் திணையும் பாலும் மயங்குவதை நன்னூல் வழுவமைதியாக ஏற்கிறது. பசுவைத் தாயாகக் கருதி ‘வந்தாள்’ என்பது உரையாசிரியர் காட்டும் மரபு. கதைகூறும் குறிப்புரையிலும் தோழர் வாயிலும் உயர்திணை முடிபையும், பகைவர் வாயில் அஃறிணை முடிபையும் அமைத்தால், பேசுவோரின் மனநிலையை வினைவிகுதியே காட்டிவிடும். பகைவன் ஒருவன் ‘அது’ என்பதை விட்டு ‘அவன்’ என்னும் கணத்தில் நிகழும் மாற்றத்தை ஆங்கிலம் இவ்வளவு அழுத்தமாகக் காட்ட இயலாது.

2008ஆம் ஆண்டுத் தொடரில் மற்றொரு நுட்பமும் உண்டு. நிகழ்ச்சி முடிந்தபின் உறுப்பினர் ஒவ்வொருவரும் அதனைப் பற்றித் தனித்தனியே வாக்குமூலம் அளிப்பதுபோன்ற கட்டங்கள் இடையிடையே வருகின்றன. அங்கே பேச்சு தன்மையிடத்தது. ‘வந்தேன்’ என்பதில் திணை வெளிப்படுவதில்லை. தன்னைப் பற்றித் தான் பேசும்போது ராக்கெட்டுக்குத் திணை இல்லை. பிறர் பேசும்போதே அது சுமத்தப்படுகிறது. தொல்காப்பியம் தன்மைப் பெயர்களை உயர்திணையில் வைக்க, நன்னூல் அவற்றை இருதிணைப் பொதுவாகக் கொண்டது. பேசும் மரமும் பேசும் விலங்கும் நன்னூலார் கருத்துக்கே சான்றாகின்றன.

3. ஒற்றை வாக்கியத்தின் இலக்கணம்

1960இல் ‘டேல்ஸ் டு அஸ்டோனிஷ்’ இதழில் குரூட் முதன்முதலில் தோன்றியபோது நீண்ட வாக்கியங்களில் வீரம் பேசிற்று. பிற்காலக் குரூட் ஒரே வாக்கியத்தையே திரும்பத் திரும்பச் சொல்கிறான். தன்மை ஒருமைப் பெயர், இணைப்புவினை, தன் பெயர் என்னும் மூன்றே சொற்கள். மரத்தாலான தொண்டை இறுகியதால் பிறர் செவிக்கு அவ்வாறு கேட்கிறது என்றும், கருத்துகள் வேறுபாட்டுடனேயே சொல்லப்படுகின்றன என்றும் கதை விளக்குகிறது. பொருளைத் தாங்குவது ஒலியழுத்தமும் சூழலுமேயாம்.

தமிழில் ‘நான் ஆசிரியர்’ என்பதுபோல் பெயர்ப்பயனிலை வாக்கியம் இணைப்புவினையின்றி அமையும்; குரூட்டின் வாக்கியம் இரு சொற்களாகச் சுருங்கிவிடும். மலையாளத்தில் ‘ஆணு’ சேர்வது பெருவழக்கு. படக்கதையின் பேச்சுக்கூண்டில் இச்சுருக்கம் இடையூறன்று. திரைப்படத்தில் வாயசைவு ஓரசை மிகுந்து நிற்கும். அதனை நிரப்ப ‘தான்’ சேர்ப்பது தவறான முடிவாகும். ‘நான்தான்’ எனும்போது பிறர் அல்லர் என்னும் பிரிநிலைப் பொருள் நுழைந்து, பொருளற்ற வெற்றிடமாக இருக்கவேண்டிய வாக்கியம் ஒரு குறிப்பிட்ட பொருளைப் பெற்றுவிடுகிறது.

உண்மையான சோதனை 2014ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் இறுதிப் பகுதியில் வருகிறது. விழும் கலத்தினுள் தன் கிளைகளால் தோழரைச் சுற்றி அரண் அமைக்கும் குரூட், ராக்கெட் கலங்கிக் கேட்கும்போது, தன் வாக்கியத்தின் எழுவாயை ஒருமையிலிருந்து பன்மைக்கு மாற்றிச் சொல்கிறான். படம் முழுவதும் சேமிக்கப்பட்ட உணர்ச்சி அந்த ஒரு சொல்லில் வெளிப்படுகிறது. ஆங்கிலத்தில் அங்கு இருப்பது ஒரே பன்மை. தமிழில் கேட்போரை உளப்படுத்தும் ‘நாம்’, உளப்படுத்தாத ‘நாங்கள்’ என இரண்டு உண்டு. மலையாளத்தில் ‘நம்மள்’, ‘ஞங்ஙள்’ என்பனவும், தெலுங்கில் ‘மனமு’, ‘மேமு’ என்பனவும் அவ்வாறே. இந்தி மொழிபெயர்ப்பாளருக்கு ‘ஹம்’ ஒன்றே போதும். அவர் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

கேட்பவன் ராக்கெட். ‘நாங்கள்’ என்றால் அவன் விலக்கப்படுகிறான், காட்சியே பொய்யாகிவிடும். ‘நாம்’ என்பது ஒன்றே பொருந்தும். மூலத்தில் உய்த்துணர விடப்பட்டதைத் தமிழ் வெளிப்படச் சொல்லிவிடுகிறது. இது இழப்பா, ஆக்கமா என்னும் வினா எழலாம். உலகில் தனக்கென ஒருவரும் இல்லை என்று நம்பிய ஒருவனை, அவன் பெயரைக்கூடச் சொல்லாமல், ஒரு விகற்பத்தால் உள்ளே அழைத்துக்கொள்வது ஆக்கமேயாகும். பன்மை எழுவாயோடு ஒருமைப் பெயர் பயனிலையாக நிற்பது தமிழில் உறுத்தும். அவ்வுறுத்தல் மூலத்திலும் உள்ளது. ‘எல்லோரும்’ போன்ற சொற்களைச் சேர்த்து அதனைச் செப்பனிடலாகாது.

4. மரபுத்தொடரும் அயல்தமிழும்

டிராக்ஸ் என்னும் வீரனின் இனத்தார் உருவகம் அறியாதவர். உருவகங்கள் அவன் தலைக்கு மேலே போய்விடும் என்று பிறர் சொல்ல, எதுவும் அவ்வாறு போகாது, தான் விரைந்து பிடித்துவிடுவதாக அவன் விடையிறுப்பது திரைப்படத்தின் நகைச்சுவை. தமிழில் ‘தலைக்கு மேல்’ என்பது கட்டுமீறிய நிலையைக் குறிக்கும்; புரியாமையைக் குறிக்காது. ‘மண்டையில் ஏறாது’ என்பதே இணையான தொடர். அப்போது விடையும் மாறவேண்டும்: ‘ஏற விடுவேனா? பிடித்துக் கீழே தள்ளிவிடுவேன்.’ மலையாளத்திலும் ‘தலயில் கயறில்ல’ என்னும் தொடர் இருத்தலால் இதே தீர்வு அங்கும் செல்லும்.

காஸ்மோ என்னும் சோவியத் விண்வெளி நாயின் பேச்சு இதனினும் கடினமானது. சார்படைகளை விட்டுவிடும் ஆங்கிலத்தால் அதன் உருசிய மணம் காட்டப்படுகிறது. தமிழில் சார்படையே இல்லாமையால் அவ்வுத்தி மறைந்துவிடும். வினை இயைபைச் சிதைத்து, ‘அவர்கள் வந்தது’ என்பதுபோல் எழுதுவது எளிய மாற்று. ஆனால் இயைபற்ற வினை மலையாளத்தின் இயல்பு. அத்தமிழ் உருசிய நாயை விட்டு, திருவனந்தபுரத்துக் கடைத்தெருவில் தமிழ் பேச முயலும் மலையாளியையே நினைவூட்டிக் கேலிக்குள்ளாக்கும். பேச்சுக்கூண்டிற்கேற்ற சிறு வாக்கியங்களும் ஓரிரு உருசியச் சொற்களுமே தக்க வழியாகும்.

5. கலைச்சொற்கள்

1963 நவம்பர் 21இல் தும்பாவிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டது முதல் விண்வெளிச் சொற்கள் இந்நகரில் பொதுவழக்காயின. மலையாளம் ‘பஹிராகாசம்’, ‘க்ரஹம்’, ‘தாராபதம்’ என வடசொல் வழிச் சென்றது. தமிழ் ‘விண்வெளி’, ‘கோள்’, ‘விண்மீன் மண்டலம்’ என ஆக்கிக்கொண்டது. ‘ராக்கெட்’ இரண்டிற்கும் பொது. இங்குச் சொற்பஞ்சம் இல்லை. கதைத் தலைப்பிலுள்ள காப்போரைக் குறிக்கும் சொல்லே இடர்ப்படுத்துவது. ‘காவலர்’ இன்று காவல்துறையினரையே குறிக்கும். சட்டத்தால் தேடப்படுவோர் இக்குழுவினர் ஆதலின் அப்பெயர் நகைப்பிற்கிடமாகும். ‘காப்பாளர்’ பொருந்தக்கூடும்.

6. முடிவுரை

இத்தொடருக்குக் குறைகளும் உண்டு. வேறு தொடர்களில் நிகழ்ந்தவற்றை அறியாத வாசகரை 2008ஆம் ஆண்டு இதழ்கள் பெரிதும் திகைக்கச் செய்கின்றன. பேச்சுக்கூண்டில் அடிக்குறிப்பு இடவும் இயலாது. ஆயினும் அதன் வலிமை, யார் ‘நாம்’, எவர் ‘அது’ என்னும் வினாவை விடாமல் எழுப்புவதில் உள்ளது. ஆங்கிலம் இவ்வினாவைக் கதையால் எழுப்புகிறது. தமிழ் அதனை ஒவ்வொரு விகுதியிலும் எழுப்ப வல்லது. இதனை உணராத மொழிபெயர்ப்பாளர் பழக்கத்தால் ஒரு விகுதியை இட்டுச் செல்வார். உணர்ந்தவர் இடும் விகுதி கதையின் பொருளையே முடிவு செய்யும்.