கண்ணாடியாகும் கடைவாய்ப்பல்

பிடுங்கிய பல்லின் உடலைத் தெளிய வைத்து, அதன் வேருக்குள் ஓடும் குழாய்களை மட்டும் கறுப்பு மையில் நிறுத்திக் காட்டும் வேலை ஒன்று உண்டு. பல் மருத்துவ ஆய்வுகூடங்களில் இதை ஆய்வுமுறை என்பார்கள். நான் இதைக் கைவினை என்றே சொல்வேன்.

முதலில் பல்லின் தலையைத் திறந்து, உள்ளே மிஞ்சிய சதையைக் கரைத்து எடுக்க வேண்டும். பிறகு இந்திய மையை மேலே விட்டு, வேர் நுனியிலிருந்து உறிஞ்சி இழுப்பார்கள். கண்ணுக்கே தெரியாத கிளைக்குழாய் வரை மை போய்ச் சேரும். அடுத்தது நீர்த்த நைத்திரிக் அமிலம். அதை மாற்றி மாற்றி ஊற்ற, கல்சியம் கழன்று, கல்லாக இருந்த பல் வளையத் தொடங்கும். கைப்பக்குவம் தேவைப்படுவது இங்கேதான். பல்லை அமிலத்தில் கூடுதலாக விட்டால் உருக்குலையும், அவசரப்பட்டு எடுத்தால் நடுவில் வெள்ளைக் கட்டி நிற்கும். கழுவிய பின், படிப்படியாகச் செறிவு கூடிய அல்ககோலில் ஊறவைத்து ஈரத்தை முழுவதும் எடுக்க வேண்டும். கடைசியாக மெதைல் சலிசிலேற்றில் இடுவார்கள். நோவுத் தைலங்களில் மணக்கும் அதே எண்ணெய். அதன் ஒளிமுறிவும் மென்மையான பல்லின் ஒளிமுறிவும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் ஒளி சிதறாமல் ஊடே போகிறது. பல்லின் விளிம்பு மங்கலாகத் தெரிய, குழாய்கள் கரிய கோடுகளாக எழுந்து நிற்கும்.

இலங்கையில் விக்டோரியா அணைக்காக 1980களில் பழைய தெல்தெனிய நகரம் நீருக்குள் போனது. கடும் வறட்சியில் நீர் வற்றும்போது பழைய வீதிகளும் சுவர்களும் மேலே வரும். எந்தப் பாதை எங்கே பிரிந்தது என்று அப்போது பார்த்துக்கொள்ளலாம். தெளிந்த பல்லும் அப்படித்தான், மறைந்திருந்த பாதைகளைக் காட்டுகிறது.

இந்த வேலைக்கு முன்னோடிகள் உண்டு. சூரிச் நகரில் வால்டர் ஹெஸ், 1917இல் வெளியான தமது ஆய்வுக்காக, பற்களுக்குள் இறப்பரைச் செலுத்தி இறுக வைத்து, பல்லை அமிலத்தில் கரைத்துவிட்டார். மிஞ்சியது குழாய்களின் இறப்பர் வார்ப்பு. அழகான வார்ப்புத்தான், ஆனால் பல் போய்விடுகிறது. தெளிய வைக்கும் முறையில் வீடும் வாசலும் சேர்ந்தே தெரிவதால் என் மனம் இதன் பக்கமே சாய்கிறது. பிராங்க் வெர்டூச்சி 1984இல் 2,400 பற்களை இப்படித் தெளிய வைத்துப் பார்த்து, குழாய் அமைப்புகளை எட்டு வகையாகப் பிரித்தார். ஒன்றாகப் புறப்பட்டு இரண்டாகப் பிரிவது, இரண்டாகப் புறப்பட்டு நுனியில் கூடுவது, பிரிந்து கூடி மறுபடி பிரிவது என்று போகும் அந்தப் பட்டியலைத்தான் பல் மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

ஆனால் எல்லா நாட்டுப் பல்லும் ஒன்றல்ல. கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லுக்கு இரண்டு வேர் என்பதுதான் பொதுவிதி. கிழக்காசியாவில் மூன்றாவது வேர் ஒன்றும் அடிக்கடி முளைக்கிறது. ஐரோப்பியரிடமும் தெற்காசியரிடமும் அது அரிது. திபெத்தியப் பீடபூமியின் சியாஹே பகுதிக் குகை ஒன்றில் கிடைத்த, குறைந்தது 1,60,000 ஆண்டு பழைய டெனிசோவன் என்ற தொல்மனித இனத்தின் தாடையெலும்பில், இரண்டாம் கடைவாய்ப்பல்லுக்கு மூன்று வேர் இருப்பதை 2019இல் எடுத்துக் காட்டினார்கள். சீன, கொரிய, ஜப்பானிய வாய்களில் இரண்டாம் கீழ்க் கடைவாய்ப்பல்லின் வேர்கள் ஒட்டிக்கொண்டு, குழாய் பிறைபோல் வளைந்து கிடப்பதும் சாதாரணம்.

நம்முடைய பல் எப்படி? தெல்தெனியவிலிருந்து கண்டி வழியாகப் போனால் வரும் பேராதனையில்தான் இதற்குப் பதில் தேடினார்கள். பல்கலைக்கழகப் பல் மருத்துவ பீடத்தைச் சேர்ந்த றொஷான் பீரிஸ், இலங்கைப் பற்களையும் ஜப்பானியப் பற்களையும் தெளிய வைத்து ஒப்பிட்ட ஆய்வை 2008இல் வெளியிட்டார். அதே ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்களுடன் சேர்ந்து, கீழ்க் கடைவாய்ப்பற்கள் வயதோடு எப்படி மாறுகின்றன என்றும் பார்த்தார். எனக்கு மிகவும் பிடித்தது இந்த இரண்டாவது ஆய்வு. இளம் வயதில் முன்புற வேருக்குள் இருப்பது அகன்ற ஒரே வெளி. உட்சுவரில் டென்டின் என்ற பற்திசு படியப் படிய நடுவில் தடுப்பு எழுந்து, ஒன்று இரண்டாகிறது. இடைப்பட்ட வயதில் இரண்டுக்கும் நடுவே குறுக்கிணைப்புகள் நிறைய இருக்கும், பிறகு அவையும் அடைபட்டுப்போகும். முளைத்த பிறகும் பல் தன்னைச் செதுக்கிக்கொண்டே இருக்கிறது என்பதை வயது வாரியாக அடுக்கிய பற்கள் காட்டிவிடுகின்றன.

இதில் ரசனை மட்டுமா இருக்கிறது? மேல்தாடை முதல் கடைவாய்ப்பல்லின் கன்னப்பக்க முன்வேரில் இரண்டாவது குழாய் ஒன்று பெரும்பாலும் ஒளிந்திருக்கும். வைத்தியர் அதைத் தவறவிட்டால், வேர்ச் சிகிச்சை செய்த பல் மறுபடி வலிக்கலாம், கடைசியில் பிடுங்கத்தான் வேண்டிவரும். இப்போது முப்பரிமாண எக்ஸ்-கதிர்ப் படம் உயிருள்ளவரின் வாயிலேயே குழாய்களைக் காட்டுகிறது. என்றாலும் மயிரிழைக் கிளைகளைப் பார்க்க, மை ஏறிய பல்லுக்கு நிகர் அது இல்லை என்பது என் தீர்ப்பு.

சூத்தைப் பல்லைப் பிடுங்கினால் அதைத் தூக்கி எறிந்துவிடுவதே நம் ஊர் வழக்கம். உங்கள் பல்லை ஆய்வுக்குத் தருவீர்களா என்று யாராவது கேட்டால், தயங்காமல் கொடுங்கள். உங்கள் வயதையும் சரியாகச் சொல்லிவிடுங்கள்.