கணக்கேடும் கணக்கப்பிள்ளையும்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கைகளிலும் கொட்டாஞ்சேனைச் சந்துகளிலும் கணக்கீட்டு வகுப்புகளின் விளம்பரத் தட்டிகளைக் காண்கிறோம். உயர்தர வர்த்தகப் பிரிவு மாணவரும் பட்டயக் கணக்காளராக விழையும் இளைஞரும் வரவையும் செலவையும் சமப்படுத்தப் பயில்கின்றனர். ஐந்தொகை என்று நாம் படித்தது இன்று நிதிநிலைமைக் கூற்றாகிவிட்டது. பெயர் மாறிய அளவிற்குப் போதனை மாறவில்லை. விடை சரியா பிழையா என்பதே கேள்வி. யாருடைய கணக்கு என்ற வினா வினாத்தாளில் இடம்பெறுவதில்லை.

இவ்வினாவை எழுப்பிய ஆய்வுத்துறை ஒன்று உண்டு. 1976இல் அந்தனி ஹொப்வூட் கணக்கீட்டையும் நிறுவனங்களையும் சமுதாயத்தையும் இணைத்துப் பார்க்கும் ஆய்விதழ் ஒன்றை ஆரம்பித்தார். கணக்கு நடந்ததைக் காட்டும் கண்ணாடி மட்டுமன்று, மனித உறவுகளை ஆக்குவதும் ஆகும் என்பது இத்துறையினர் வலியுறுத்தும் கருத்து. நம் நாட்டைப் பொறுத்தவரை, தந்துரே விக்கிரமசிங்கவும் ட்ரெவர் ஹொப்பரும் 2005இல் சிங்களக் கிராமமொன்றின் நெசவாலையை ஆராய்ந்தனர். சந்தன அலவத்தகேயும் விக்கிரமசிங்கவும் 2009இல் தேயிலைத் தோட்டங்களை ஆராய்ந்து, ஒடுக்கப்பட்டோரின் எதிர்ப்பும் ஒருவகைக் கணக்கீடே என வாதிட்டனர். ஜேம்ஸ் ஸ்கொட்டின் ‘எளியோரின் ஆயுதங்கள்’ என்ற கருத்தே அவர்களுக்கு வழிகாட்டியது.

இவ்வாய்வுகளை நாம் வரவேற்கிறோம். மலையகத்தைப் போல் ஏட்டினால் ஆளப்பட்ட சமூகம் பிறிதொன்று இங்கில்லை. மேற்பார்வையாளனுக்கே அங்கு கணக்கப்பிள்ளை என்றுதானே பெயர்! காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்தவள், நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்து பறிக்காவிடில் மாலையில் ‘அரைப்பேர்’ ஆகிறாள். ஒரு முழு மனுஷி எழுதுகோலின் ஒரு கீற்றினால் பாதியாகிறாள். தராசுத் தட்டில் சாக்குக்கும் ஈரத்துக்குமெனக் கழிக்கப்படும் நிறையும் அவளுடைய உழைப்பே. முன்னாளில் ‘துண்டு’ என்றொரு சீட்டு இருந்தது. கங்காணியும் அவன் ஆட்களும் பட்ட கடன் அதில் குறிக்கப்பட்டது. வேறு தோட்டம் அக்கடனைச் செலுத்தி அவர்களை ஏற்றது. கடன் மட்டும் தீராது அவர்களைத் தொடர்ந்தது. 1921இல் இம்முறை ஒழிக்கப்பட்டது. இன்றோ, 2016 முதல் நடைமுறையிலுள்ள கணக்கீட்டு நியமப்படி தேயிலைச் செடி ஆதனம், பொறி, உபகரணம் ஆகியவற்றோடு சொத்தாக நிற்கிறது. கொழுந்து பறிக்கும் கையோ செலவுப் பக்கத்தில் நிற்கிறது. 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாக்கப்பட்டபோது எழுந்த வாதங்களை இந்த ஏட்டை விரித்து வைத்துக்கொண்டே விளங்கிக்கொள்ள வேண்டும். கட்டுப்படியாகாது என்பதும் ஒரு கணக்குத்தான். அதை எழுதியவர் யார், எவற்றை விட்டுவிட்டு எழுதினார் என்று கேட்பது தொழிலாளியின் உரிமை.

ஆயினும் நமக்கொரு குறை உண்டு. இவ்வாய்வுகள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, பெருவிலை கொடுத்தே பெறக்கூடிய ஏடுகளில் வெளிவருகின்றன. கோட்பாட்டுப் பெயர்கள் நிரம்பிய அந்நடை ஆய்வாளர் ஆய்வாளருடன் பேசும் நடை. எதிர்ப்பைக் கண்டுகொண்டவர்கள், எதிர்த்தவளின் கைக்கு அந்த ஆய்வைக் கொண்டுசேர்க்கவில்லை. பிரித்தானியப் பல்கலைக்கழகங்களில் பணியாற்றிய அவர்களை மட்டும் குறைகூறுதல் நியாயமன்று. பேர், அரைப்பேர், துண்டு, செக்றோல் என்று இத்துறைக்குரிய சொற்களெல்லாம் தமிழிலேயே வழங்கியிருக்க, அவற்றை ஆராயத் தமிழில் நாம் எத்தனை கட்டுரை எழுதினோம்?

ஹற்றனிலிருந்தும் பதுளையிலிருந்தும் வந்து வெள்ளவத்தையில் அறையெடுத்துத் தங்கிப் படிக்கும் மாணவர் பலரை நாம் அறிவோம். அவர்களுள் ஒருவர் தம் தாயாரின் சம்பளச் சீட்டை வகுப்புக்குக் கொண்டுவரட்டும். இலாப நட்டக் கணக்கைக் கரும்பலகையில் எழுதும் ஆசிரியர், அதன் பக்கத்திலேயே அச்சீட்டின் கழிவுகளையும் வரிவரியாக எழுதிக் காட்டட்டும்.