ஈன்றவளும் எழுதியவளும்

கோப்பாய்க்குப் போர் நினைவு புதிதல்ல. 1560இல் போர்த்துக்கேயர் நல்லூருக்குள் நுழைந்தபோது சங்கிலி மன்னன் பின்வாங்கிச் சென்ற இடம் கோப்பாய். நம் காலத்தில் அந்தப் பெயர் விடுதலைப் புலிகளின் மாவீரர் துயிலும் இல்லத்தோடு ஒட்டிக்கொண்டது. 1995-96இல் யாழ்ப்பாணம் இராணுவத்திடம் வீழ்ந்தபின் அங்கிருந்த கல்லறைகள் இடிக்கப்பட்டன. சமாதான காலத்தில் அவற்றை மீண்டும் கட்டினார்கள். யுத்தம் முடிந்தபின் அவையும் தரைமட்டமாகி, 2011இல் அந்த நிலத்தில் 51ஆம் படைப்பிரிவின் தலைமையகம் திறக்கப்பட்டது. கார்த்திகை 27இல் விளக்கேற்ற வரும் தாய்மார் இன்று முகாமுக்கு வெளியேதான் நிற்கிறார்கள்.

இந்தத் தாய்மாரை மதிப்பதற்கு நம்மிடம் ஒரு சடங்கு உண்டு. மாவீரர் பெற்றோர் மதிப்பளிப்பு என்று ஒரு மண்டபத்தில் வரிசையாக அமர்த்தி, மாலை போட்டு, கையில் ஒரு தென்னங்கன்று கொடுப்பார்கள். அந்த மரியாதை குறைவானதல்ல. ஆனால் அது பிள்ளையின் சாவால் அவளுக்கு வந்த மரியாதை. அவள் எழுதினாளா, பாடினாளா, நடித்தாளா, படம் கீறினாளா என்று அந்த மண்டபத்தில் யாரும் கேட்பதில்லை. பிள்ளையைக் கட்டாய ஆட்சேர்ப்பில் பறிகொடுத்தவளின் கோபத்துக்கும் அங்கே இடமில்லை. தெற்கில் ‘ரணவிரு’ (படைவீரர்) குடும்பம் என்று மேடையேற்றப்படும் தாயின் நிலையும் ஏறக்குறைய இதுதான்.

இந்தப் பழக்கத்தின் வேர் பழையது. புறநானூற்றின் மறக்குடித் தாயைப் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிடுகிறோம். மகன் புறமுதுகிட்டான் என்று கேட்டு, வாளோடு களத்துக்குப் போய்ப் பிணங்களைப் புரட்டிப் பார்க்கும் கிழவி. ஒரே மகனின் பரட்டைத் தலைக்கு எண்ணெய் பூசி, வேலைக் கையில் கொடுத்துச் செருவுக்கு அனுப்பும் தாய். முதலாமவளைப் பாடியவர் காக்கைபாடினியார் நச்செள்ளையார். இரண்டாமவளைப் பாடியவர் ஒக்கூர் மாசாத்தியார். காவற்பெண்டும் பொன்முடியாரும் இதே பொருளில் பாடியிருக்கிறார்கள். மேடைப் பேச்சாளர்களுக்குத் தாய் நினைவிருக்கிறாள். அவளைப் படைத்ததும் பெண்களே என்பது மட்டும் எப்படியோ நழுவிவிடுகிறது.

யாழ்ப்பாண அரங்கிலும் தாய் பெரிய பாத்திரம். குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘அன்னை இட்ட தீ’, ‘எந்தையும் தாயும்’ ஆகிய நாடகங்களின் தலைப்பிலேயே அவள் இருக்கிறாள். தொண்ணூறுகளின் நெருக்கடியை இவ்வளவு நுட்பமாகச் சொன்ன நாடகங்கள் குறைவு. இருந்தும் அங்கே தாய் எழுதப்பட்டவள். பேனா ஆணின் கையில்.

பேனா கைமாறத் தொடங்கியது எண்பதுகளில். 1984இல் கைதான இளைஞர்களுக்காக அன்னையர் முன்னணி யாழ்ப்பாண வீதியில் இறங்கியது. இரண்டு ஆண்டுகள் கழித்து, சித்திரலேகா மௌனகுரு தொகுத்த ‘சொல்லாத சேதிகள்’ வந்தது. பெண்கள் தங்கள் குரலில் போரையும் வீட்டையும் ஒருசேரப் பேசிய முதல் தொகுப்பு அது. இயக்கத்துக்குப் போய் வீடு திரும்பிய மகனைக் கண்டு திகைக்கும் தாயைப் பின்னர் ஈழத்துக் கவிஞர் அவ்வை எழுதினார். மறக்குடித் தாயின் பெருமிதம் அங்கே இல்லை. பெற்ற பிள்ளையே அந்நியனாய் நிற்பதைப் பார்க்கும் பயம் இருக்கிறது. இது புறநானூற்றுக்குச் சொன்ன மறுமொழி என்றே நான் வாசிக்கிறேன்.

ஓவியத்தில் வாசுகியைச் சொல்லவேண்டும். குருநகர் ஓவியர் மாற்குவிடம் பயின்றவர். மட்டக்களப்பில் பெண்கள் அமைப்புகளோடு வேலை செய்துகொண்டே, போர் பெண்களுக்குச் செய்ததை நிறங்களில் பதிந்தவர். ஓவியர் தா. சனாதனனின் ‘முடிவுறாத தோம்பு’ (2011) வேறொரு வழியைக் காட்டியது. இடம்பெயர்ந்தவர்கள் தாங்கள் விட்டு வந்த வீட்டை நினைவிலிருந்து கீறிய வரைபடங்கள் அந்த நூலில் இருக்கின்றன. படம் கீறிப் பழக்கமில்லாத ஒருவர் அடுப்படி எங்கே, கிணறு எங்கே என்று இழுத்த கோணல் கோடும் அங்கே கலையாகிறது.

எல்லா இழையும் ஒன்றாகச் சேரும் ஆள் தமிழ்க்கவி. போரில் பிள்ளைகளை இழந்த தாய், தானும் இயக்கத்தில் இருந்தவர், புலிகளின் குரல் வானொலியில் ஒலித்தவர், நடிகை, நாவலாசிரியை. அவருடைய ‘ஊழிக்காலம்’ (2013) வன்னியின் கடைசி மாதங்களைக் குடும்பத்தை இழுத்துக்கொண்டு ஓடும் ஒரு பெண்ணின் கண்ணால் சொல்கிறது. பங்கர், கஞ்சி, தறப்பாள் கூடாரம், அடுத்த ஷெல் எங்கே விழும் என்ற கணக்கு: இவ்வளவுதான் அதன் உலகம். வீரவணக்க மொழி அதில் வேலை செய்வதில்லை. போராளிப் பெண்களின் கவிதைகளைத் திரட்டிய ‘பெயரிடாத நட்சத்திரங்கள்’ (2011) தொகுப்பையும் இதனருகே வைத்துப் படிக்கவேண்டும்.

தாயும் கலைஞருமான தமிழ்க்கவிக்கு வெளியுலகில் நிகர் ஜேர்மன் கலைஞர் கேத்தே கோல்விட்ஸ். அவருடைய இளைய மகன் பீற்றர் 1914 ஒக்டோபரில், 18 வயதில், பெல்ஜியக் களத்தில் இறந்தான். அவனுக்கு ஒரு சிலை என்று அதே ஆண்டில் தொடங்கிய வேலை 1932இல்தான் முடிந்தது. மண்டியிட்ட தாயும் தகப்பனும். முகங்கள் அவருடையதும் கணவருடையதும். வீரன் அதில் இல்லவே இல்லை. 1942இல் அதே பெயருள்ள பேரனையும் இரண்டாம் உலகப் போர் கொண்டுபோனது. ஜேர்மனி இன்று அவரை வீரனின் தாய் என்று நினைவுகூரவில்லை, கலைஞர் என்றே நினைவுகூர்கிறது. 1993இல் பேர்லினின் போர் நினைவிடத்தில் அவருடைய தாய்-மகன் சிற்பத்தைப் பெருப்பித்து வைத்தார்கள்.

நம் ஆய்வுகள் இத்துறையில் இன்னும் அச்சில் வந்த நூல்களையே சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒப்பாரி கட்டிய தாய், கொப்பியில் கவிதை எழுதி மடித்து வைத்தவள், தெருக்கூத்தில் நடித்தவள் ஆகியோர் எந்தப் பட்டியலிலும் இல்லை. எண்பதுகளில் பிள்ளையை அனுப்பியவர்களுக்கு இன்று வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கோப்பாயில் ஆசிரிய கலாசாலை இருக்கிறது. கூப்பிடு தூரத்தில் பல்கலைக்கழகத்தின் நுண்கலைத் துறை இருக்கிறது. ஆவணங்களைப் பேண நூலகம் நிறுவனம் இருக்கிறது. மாணவர்கள் அடுத்த முறை ஒரு மாவீரரின் தாயைச் சந்திக்கும்போது, மகன் எந்தக் களத்தில் இறந்தான் என்பதற்கு முன்னால், அம்மா, நீங்கள் என்ன எழுதினீர்கள், என்ன பாடினீர்கள் என்று கேட்கட்டும். பதிலை அவருடைய பெயரிலேயே பதிவு செய்யட்டும்.