வக்கீல் ஃபீஸுக்குக் கணக்கு உண்டா?

காரைக்குடிப் பக்கம் ‘ஐந்தொகை’ என்றால் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம். பேரேடு எழுதி, ஐந்தொகை எடுத்து, வரவும் செலவும் எங்கே நிற்கிறது என்று பார்த்த ஊர் அது. பர்மாவிலோ மலேயாவிலோ கடையை நடத்திய மேலாள், செட்டிநாட்டில் இருக்கிற முதலாளிக்குக் கணக்கு அனுப்பியே தீர வேண்டும். எவ்வளவு நம்பிக்கையான ஆளாக இருந்தாலும் சரி. நம்பிக்கை வேறு, கணக்கு வேறு.

அந்தப் பணத்தில் கட்டிய வீடுகளுக்குப் பாகப்பிரிவினை வழக்கு என்று வந்தால் மட்டும், கணக்கு எங்கேயோ காணாமல் போய்விடுகிறது.

ஒரே வீட்டுக்கு இன்று ஏகப்பட்ட பங்காளிகள். சென்னையில் இருக்கிறவர் விற்கலாம் என்கிறார், சிங்கப்பூரில் இருக்கிறவர் கூடாது என்கிறார். கோர்ட்டுக்குப் போகிறது. வக்காலத்தில் கையெழுத்துப் போடும்போது ஒரு தொகை. அப்புறம் வாய்தாவுக்கு வாய்தா, “குமாஸ்தாகிட்ட குடுத்துட்டுப் போங்க!” இதில் ஸ்டாம்ப்புக்கு எவ்வளவு, டைப் அடிக்க எவ்வளவு, ஃபீஸ் எவ்வளவு? கேட்பதற்கே கூச்சம். கால் கிலோ சர்க்கரைக்குப் பில் கேட்கிறவர்கள்கூட இங்கே வாய் திறப்பதில்லை.

“கேஸ் எத்தனை வருஷம் ஓடும்னு எங்களுக்கே தெரியாது. மொத்தமா எப்படிச் சொல்றது?” என்பார்கள் வக்கீல்கள். நியாயம்தான். இதே சீமையின் சிவகங்கை ஜமீன் வழக்கையே பாருங்கள். ஜமீன்தார் கௌரி வல்லபர் இறந்தது 1829-ல். அவருடைய மகள் காத்தம நாச்சியாருக்குச் சாதகமாக லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொன்னது 1863-ல். சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் இன்றும் படிக்கிற வழக்கு. ஆனால், எவ்வளவு ஆகும் என்று முன்னால் சொல்ல முடியாமல் இருப்பது ஒன்று. எவ்வளவு வாங்கினோம் என்று பின்னால் சொல்லாமல் இருப்பது வேறொன்று.

சரி, நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா? முடியாது. 2024 மே 14 அன்று சுப்ரீம் கோர்ட் அந்தக் கதவைச் சாத்திவிட்டது. வக்கீலின் சேவையில் குறை என்று நுகர்வோர் சட்டத்தில் வழக்குப் போட முடியாது என்பது தீர்ப்பு. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்றுதான் வேடிக்கை. வக்கீல் தன் கட்சிக்காரர் சொல்படி நடக்கிறவர், கட்டுப்பாடு கட்சிக்காரர் கையில் இருக்கிறதாம்! வராந்தாவில் கைகட்டி நிற்கிற நம் ஆளுக்கு இதை யாராவது சொன்னால் தேவலை. நீங்கள்தான் ஐயா முதலாளி!

முதலாளி என்றால் கணக்குக் கேட்கலாமே? தாராளமாகக் கேட்கலாம். கட்சிக்காரரிடம் வாங்கிய பணம், அவருக்காகச் செய்த செலவு, ஃபீஸுக்கு எடுத்துக்கொண்டது, எல்லாவற்றையும் தேதியோடு எழுதிவைக்க வேண்டும். கேட்டால் நகல் எடுக்கும் செலவை வாங்கிக்கொண்டு கொடுக்க வேண்டும் என்று இந்திய பார் கவுன்சில் விதியே இருக்கிறது. விதி புத்தகத்தில் இருக்கிறது. நாம் வராந்தாவில் இருக்கிறோம்.

இங்கிலாந்தில் 2019-லிருந்து, ஃபீஸை எந்தக் கணக்கில் வாங்குகிறோம் என்பதை பாரிஸ்டர்கள் தங்கள் வெப்சைட்டிலேயே சொல்லியாக வேண்டும். நம் ஊரிலோ வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது. வெப்சைட் வைத்துக்கொள்ள 2008-ல் அனுமதி வந்தபோதும், பேர், விலாசம், படிப்பு, எந்த மாதிரி வழக்குகள் என்பதோடு நிறுத்திவிட்டார்கள். தொழிலின் கௌரவம் காரணமாம். விளம்பரத்தால் கௌரவம் போகும் என்றே வைத்துக்கொள்வோம். ரசீது கொடுத்தால் போய்விடுமா என்ன? சின்ன ஊர்களில் காசே வாங்காமல் வாதாடுகிற வக்கீல்கள் எத்தனையோ பேர். கணக்கு எழுதினால் அவர்கள் பெருமைதானே முதலில் தெரியும்?

அடுத்த வாய்தாவுக்கு மஞ்சள் பையில் கேஸ் கட்டோடு ஒரு நாற்பது பக்க நோட்டையும் எடுத்துப் போங்கள். கொடுத்ததைக் கொடுத்த இடத்திலேயே எழுதி, குமாஸ்தாவிடம் ஒரு கையெழுத்து வாங்குங்கள். செட்டிநாட்டுக்காரருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் என் வருத்தம்.