விளம்பரத்தில் இயேசு

ஐயுறுவார்க்குச் சமயத்தை எடுத்துரைத்தல் பழைய பணி. அப்பணியை வணிக விளம்பரத்தின்பால் ஒப்புவித்தல் புதிய வழக்கு. ஐக்கிய அமெரிக்காவில் விளம்பரத் தொழிலிற் புகழீட்டிய புரூஸ் பார்ட்டன் என்பார் 1925 இல் வெளியிட்ட 'ஒருவரும் அறியாத மனிதர்' என்னும் நூல், எளியோர் பன்னிருவரைக் கொண்டு உலகளாவிய நிறுவனத்தை ஆக்கிய செயல்வல்லாராக இயேசுவைக் காட்டிற்று. இங்கிலாந்தில் 1999 ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிற்றை முன்னிட்டு வெளிவந்த சுவரொட்டியோ, முண்முடி சூடிய இயேசுவைச் சே குவேராவின் சாயலில் தீட்டிற்று. காலத்துக்கு உவப்பான கோலம் எதுவோ அதுவே அவர்க்குப் புனையப்பட்டது.

அமெரிக்காவில் 2022 இல் தொடங்கிய 'அவர் நம்மை உணர்கிறார்' என்னும் விளம்பரத் தொடரும் இவ்வழியினதே. 2024 இல் 'சுப்பர் போல்' என்னும் பந்தாட்டப் பெரும்போட்டியினிடையே ஒளிபரப்பாகிய அதன் விளம்பரத்தில், தம்முள் மாறுபட்டார் ஒருவர் மற்றொருவர் பாதங்களைக் கழுவும் காட்சிகள் அடுத்தடுத்துத் தோன்றின. காவலர் ஒருவர் கறுப்பின இளைஞர் ஒருவரின் பாதங்களைக் கழுவுவதும் அவற்றுள் ஒன்று. இத்துணைப் பெரும்பொருளை வறியோர்க்கு ஈந்திருக்கலாமே என்றனர் ஒரு சாரார்; மனந்திரும்புதலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையே என்றனர் மற்றொரு சாரார். பகையைத் தணிக்கும் பணிவைக் கண்முன் நிறுத்தியமை அவ்விளம்பரத்தின் சிறப்பு என்பதை மறுத்தல் தகாது.

ஆயினும், யோவான் நற்செய்தியிற் பாதங் கழுவியவர் பணிவை மட்டும் காட்டினாரல்லர். தாம் போதகரும் ஆண்டவருமாதலை அவ்விடத்திலேயே வற்புறுத்தினார். மறுத்த பேதுருவிடம், கழுவப்படாதார்க்குத் தம்மிடத்துப் பங்கில்லை என்றும் கூறினார். விளம்பரம் பணிவை வைத்துக்கொண்டு உரிமைக் கூற்றை விடுத்தது. ஐயுறுவார் வினவுவதோ அக்கூற்று மெய்யா என்பதே. அவர் இயேசுவை வெறுக்கிறார் எனக் கருதி, விரும்பத்தக்க உருவமொன்றைக் காட்டுதல் விடையாகாது. ஐயம் வேறு, வெறுப்பு வேறு. ஐயக்காட்சியை நீக்கப் புகுந்தோர் திரிபுக்காட்சியைத் தந்து அமைதல், அளவை நூல் பயின்றார்க்கு உடன்பாடாகாது.

அந்நற்செய்தியிலேயே ஐயுற்றவர் ஒருவர் உளர். தோமையார் சான்று வேண்டினார். அவர்க்குக் காட்டப்பட்டவை தழும்புகள். அவரை மகிழ்விக்கும் கோலம் எதுவும் அங்குப் புனையப்படவில்லை. ஏற்பதும் மறுப்பதும் கேட்போர் உரிமை. அவ்வுரிமையை மதிப்போர், முழுவதையும் அவர்முன் வைத்தலே கடன்.