கம்பணனின் வாளும் கங்காதேவியின் கவிதையும்

மாட்டுத்தாவணியில் திருச்சி பஸ்ஸுக்காக நின்றபோது நண்பர் ஒருவர் ‘மதுரா விஜய’த்தைப் பற்றி ஆவேசமாகப் பேசினார். குமார கம்பணன் நம்முடைய சிலுவைப்போர் அரசனாம். மதம் காக்கவே வாளெடுத்தவனாம். சரித்திரக்காரருக்கு ஆதாரம், இவருக்குக் கொடி. அதைக் கவிதையாகப் படித்தவர் நம்மில் எத்தனை பேர்?

எழுதியவள் கம்பணனின் மனைவி கங்காதேவி. சமஸ்கிருதக் காவியம். ஏடு 1916இல் திருவனந்தபுரத்தில் கிடைத்தது, இடையிடையே சிதைந்து. கம்பணன் முதலில் வெல்வது சுல்தானை அல்ல, சம்புவராயனை. பிறகு காஞ்சி வாசம், பருவ வர்ணனை, ஜலக்ரீடை, சந்திரோதயம். மகாகாவிய லட்சணத்துக்குக் கட்டவேண்டிய வரி பூராவும் கட்டியாகிறது. (எனக்கு இந்தப் பகுதிகளில் தூக்கம் வந்தது.) எட்டாம் சர்க்கத்தில் பெயரில்லாத ஒருத்தி வருகிறாள். பாழான கோயில்கள், வெட்டுண்ட தோப்புகள், கழுமரங்கள் என்று மதுரையைச் சொல்கிறாள். பாண்டியரின் வாளைக் கொடுக்கிறாள். போரின் காரணம் ஒரு வலியாக நம்மேல் படுவது அவள் பேசும்போதுதான்.

வெறும் பகைப் பேச்சு என்று இதைத் தள்ளவும் முடியாது. சுல்தான் கியாசுத்தீனுக்குச் சகலையான இபின் பதூதாவே, அவன் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதை அருவருப்போடு எழுதியிருக்கிறார். வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்ட ஹொய்சள வல்லாளனின் தோலைக் கண்ணால் பார்த்தவர் அவர்.

ஆனால் கடைசிச் சண்டை? கம்பணன் சுல்தானின் தலையைத் துண்டிக்கிறான், தேவர்கள் பூச்சொரிகிறார்கள். 1371இல் அரங்கன் ஸ்ரீரங்கம் திரும்பியது நிஜம். மதுரை சுல்தானின் நாணயங்களோ 1377 வாக்கிலும் வருகின்றன. கம்பணன் 1374இல், தகப்பன் புக்கனுக்கு முன்பே இறந்துவிட்டான். விஜயநகர சிம்மாசனத்தில் உட்காரவே இல்லை. கவிதை நாணயத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்த வாளைப் பிடித்த கை ஒரு மனிதனுடையதாக இருக்கக் கூடாதா என்றுதான் கேட்கிறேன்.

நிஜமான சிலுவைப்போர் அரசன் ஒருவனைப் பார்ப்போம். பிரான்ஸின் ஒன்பதாம் லூயி. அவனோடு எகிப்துக்குப் போன ழுவான்வில் பின்னால் அவன் சரித்திரத்தை எழுதினார். 1250 தோல்வியின்போது ராஜாவுக்கு வயிற்றுக்கடுப்பு. உடையின் பின்பக்கத்தையே வெட்டிவிட வேண்டியிருந்தது. அதையும் எழுதுகிறார், புனிதன் என்று தாம் நம்பியவனைப் பற்றி! 1270 படையெடுப்புக்கு மறுபடி கூப்பிட்டபோது வரமாட்டேன் என்று தாம் மறுத்ததையும் மறைக்கவில்லை. லூயி டூனிஸில் செத்தான். படிக்கும் நமக்கு அவன்மேல் பிரியம் குறைவதில்லை.

ழுவான்வில் நண்பர், கங்காதேவி மனைவி. அவளுக்குத் தெரியாததா? சம்பிரதாயம் அவள் கையைக் கட்டியது என்பார்கள். எட்டாம் சர்க்கத்தில் மட்டும் அந்தக் கட்டு எப்படி அவிழ்ந்தது? முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் துக்கத்துக்குள் அப்படிப் புகுந்தவள், ஒன்பதாம் சர்க்கத்தில் தன் புருஷனின் முகத்தை ஒரு கணமாவது காட்டியிருக்கலாம். காட்டவில்லை.